சிப்பாய் சுமந்த துப்பாக்கி

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்று மீண்ட அன்பர் பலரும் அங்கு வைக்கப்பெற்றுள்ள தஞ்சை அரண்மனை ஆயுதங்களைக் கண்டிருப்பர். யாளி முகம் செதுக்கிய கட்டாரிகளும் வேலைப்பாடமைந்த பிடிகளையுடைய வாள்களும் காண்பார் கண்ணைக் கவர்வன. சென்ற ஆண்டு எம் பள்ளி மாணாக்கர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஏனையோரெல்லாம் கட்டாரிகளைச் சூழ்ந்து நிற்க, ஒரு சிறுவன் மட்டும் என்னை அணுகி, "ஐயா, இவையெல்லாம் அரசருடையவை அல்லவா? அரசரோடு கூடப் போனவர்கள் வைத்திருந்தவை எங்கே?" என்று வினவினான். இருபதாண்டு ஆசிரியத் தொழில் புரிந்தும் அவ்வினாவுக்கு அப்பொழுது எனக்கு விடை தோன்றவில்லை. "பிறகு சொல்கிறேன்" என்று சொல்லி நடந்துவிட்டேன். இப்பொழுது சொல்லப்புகுவது அந்த விடையே.

பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்தானுக்குக் கல் நாட்டினர். செங்கம் முதலிய இடங்களிற் காணப்பெறும் நடுகற்களில், ஆநிரை மீட்டு மாய்ந்த வீரன் இன்னான், இன்ன ஊரான், இன்ன அரசனது இத்தனையாம் ஆட்சியாண்டில் பட்டான் என்று வெட்டியிருத்தலை நாம் படிக்கின்றோம். அவன் அரசனல்லன், ஊர்க்காவல் மறவன். ஆயினும் அவன் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழிந்தும் நம் நாவில் வருகின்றது. கும்பினியார் காலத்திலும் அதன்பின் பிரிட்டிஷ் சர்க்கார் காலத்திலும் இலக்கக் கணக்கான நம் நாட்டவர் பட்டாளத்திற் சேர்ந்து, பர்மாவிலும் சீனத்திலும் ஆப்கானியத்திலும் மெசப்பொட்டேமியாவிலும் உயிர் நீத்தனர். அவர்களுட் பெரும்பாலார்க்கு ஊரில் எவரும் கல் நாட்டிலர். எழுதப் படிக்க அறிந்தவர் அவருள் சிலரே. ஆதலின் நாட்குறிப்பும் கடிதமும் பெரும்பாலும் இல்லை. அவர் கையில் அன்றாடம் இருந்து, அவர் கைப்பட்டே தேய்ந்து, இன்றும் எஞ்சி நிற்கும் பொருள் ஒன்று உண்டு. அது துப்பாக்கி.

பழைய ஆயுதங்களைச் சேகரிப்போர் முற்காலத்தில் இத்தகைய துப்பாக்கிகளை ஏறெடுத்தும் பாரார். பொன்னிழைத்த வேட்டைத் துப்பாக்கிகளும், சேனாதிபதிகளுக்குப் பரிசாக வந்த கைத்துப்பாக்கிகளுமே பெட்டியில் வைத்தற்குரியன என்று கருதினர். சிப்பாயின் துப்பாக்கி ஒன்றுபோல் ஒன்றாய்ப் பல்லாயிரம் செய்யப்பட்டது, அழகில்லாதது, அடிபட்டது. பழைய இரும்பாக அதை விற்றனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சென்ற நூற்றாண்டில் இக்கருத்து மெல்ல மாறிற்று. இன்று அங்கே, சாதாரணச் சிப்பாய் ஏந்திய துப்பாக்கியொன்றை வாங்கி, மாதக்கணக்காக அதன் மேலுள்ள எழுத்துகளை ஆராய்ந்து, அது எந்தப் பட்டாளத்தில் எந்த ஆண்டில் இருந்தது என்று துருவித் தேடுவோர் பலர் உளர். இவர் செயல் வெறும் பொழுதுபோக்கு என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன்.

இத்தகைய துப்பாக்கிகளுள் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது 'பிரவுன் பெஸ்' என்று ஆங்கிலச் சிப்பாய்கள் செல்லமாக அழைத்த சிக்கிமுக்கித் துப்பாக்கி. அதன் குழல் முதலில் 46 அங்குலமும் பின்னர் 42 அங்குலமும் நீளமுடையதாயிருந்தது. கிழக்கிந்தியக் கும்பினியார் தம் சேனைக்கென 39 அங்குலக் குழலுடையதாய், வேலைப்பாடு குறைந்ததாய், செலவு சுருங்கியதாய் ஒன்று செய்வித்தனர். பிரெஞ்சுக்காரரோடு போர் மூண்டபோது ஆங்கில அரசாங்கத்தாருக்குத் துப்பாக்கி போதவில்லை. கும்பினியார் தமக்கென வைத்திருந்தவற்றை அவர்கள் வாங்கிக்கொண்டனர். 1797-இல் அந்த மாதிரியையே தம் சேனைக்கும் உரியதாக ஏற்றுக்கொண்டனர். 'இந்தியா மாதிரி' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. வாட்டர்லூப் போரில் நெப்போலியனை எதிர்த்து நின்ற ஆங்கிலக் காலாட்களின் கையில் இருந்தது இதுவே. நம் நாட்டுச் சிப்பாயின் தோளுக்கென வகுத்த ஆயுதம் ஐரோப்பாவின் தலையெழுத்தை மாற்றிய களத்திற் பேசிற்று என்பதை நம் பாடபுத்தகங்கள் ஏனோ சொல்வதில்லை.

அதன் குழல்வாய் முக்கால் அங்குலம். எடை ஒன்பது பத்து ராத்தல். சிப்பாய் தோட்டாக் காகிதத்தைப் பல்லாற் கடித்துக் கிழித்து, சிறிது மருந்தைக் கிண்ணியில் இட்டு, எஞ்சியதைக் குழலிற் பெய்து, குண்டை மேலிட்டு, கம்பியால் இடித்து, பின்னரே சுடவேண்டும். நன்கு பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். நூறு கெசத்துக்கு அப்பால் நிற்பவனைக் குறிபார்த்துச் சுடுதல் வீண். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஆதலினாலேதான் அக்காலத்துச் சேனைகள் தோளோடு தோள் ஒட்டி நின்று ஒரே வேளையிற் சுட்டன. 1806-ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையிற் கிளர்ந்தெழுந்த சென்னைச் சேனைச் சிப்பாய்களின் காலத்துத் துப்பாக்கியும் இந்த வகையினதே.

இனி, அதன் மேலுள்ள எழுத்தைச் சிறிது பார்ப்போம். ஏட்டுச்சுவடி ஆராய்வோர் நூலை மட்டும் படியார். ஏட்டின் கடைசியில், 'இன்ன ஆண்டு இன்ன மாதம் இன்னான் எழுதி முடித்தது' என்றிருக்கும் குறிப்பைத் தேடுவர். எழுதினவன் கை நடுங்கியதா, பிழை திருத்தியவன் வேறொருவனா என்றும் காண்பர். பழைய துப்பாக்கியும் அவ்வாறு படித்தற்குரியது. விசைத் தகட்டில் இருதய வடிவம் ஒன்று நான்காகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஓரெழுத்து வெட்டியிருக்குமாயின் அது கும்பினியாருடைய முத்திரை. பிற்காலத்தவற்றில் அதனிடத்தே முன்காலைத் தூக்கி நிற்கும் சிங்கம் காணப்படும். அரசாங்கத்தாருடையதாயின் கிரீடமும், அதன்கீழ் மன்னர் பெயரின் முதலெழுத்துகளும், அகன்ற அம்பு முனையும் இருக்கும். குழலின் அடியில், கட்டையைக் கழற்றினால் மட்டும் காணக்கூடிய இடத்தில், குழலடித்த கொல்லனின் சிற்றடையாளம் இருக்கும். பின்கட்டையின் பித்தளைத் தகட்டில் பட்டாளத்தின் இலக்கம், கம்பெனியின் எழுத்து, துப்பாக்கி வரிசையில் இத்தனையாவது என்ற எண். அவ்வெண்தான் சிப்பாய்க்கு உரியது. பெயர் இராது.

இவை சர்க்கார் எழுதியவை. சிப்பாய் எழுதியதும் உண்டு. அது எழுத்தாக இராது. கட்டையின் நடுவில் இடக்கை பற்றும் இடம் மட்டும் மெழுகினாற்போல் வழவழப்பாயிருக்கும். கன்னம் படும் இடத்தில் மரத்தின் நிறம் மாறியிருக்கும். சில துப்பாக்கிகளில், தண்டனைக்கு அஞ்சாமல், கத்தி முனையால் ஒரு சிறு கோடோ குறுக்குக் குறியோ கீறியிருப்பர். உடைந்த இடத்தில் வேறு மரத்துண்டு ஒட்டியிருக்கும். ஒட்டியவன் பட்டாளத்துத் தச்சன். குழலைச் செங்கற்பொடியால் தேய்த்துப் பளபளப்பாக வைத்தல் அக்காலத்துப் பட்டாள விதி. அதனால் முத்திரைகள் மழுங்கியிருக்கும். அம்மழுங்கலும் ஒரு செய்தியே. விடியுமுன் எழுந்து தேய்த்தவன் ஒருவன் இருந்தான் என்று அது சொல்கின்றது.

இனிச் சொல்லப்போவது பலர் அறியாதது. நம் மனத்தை வருத்துவதும்கூட. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குக் காரணமாய்ச் சொல்லப்படும் கொழுப்புத் தடவிய தோட்டா, 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கிக்குரியது. அதன் குழலின் உட்புறத்தே திருகுபோற் சுற்றிச் செல்லும் மூன்று மரைகள் உண்டு. அம்மரை குண்டைச் சுழற்றி விடுதலால், பிரவுன் பெஸ் நூறு கெசத்தில் தடுமாற, இது பன்மடங்கு தொலைவிற் குறி தப்பாது. கிளர்ச்சி தொடங்கிய வேளையில் வங்காளச் சிப்பாய்களுட் பெரும்பாலார்க்கு இத்துப்பாக்கி வழங்கப்படவேயில்லை. தம்தம், அம்பாலா, சியால்கோட்டு ஆகிய மூன்று பயிற்சி நிலையங்களில்தான் அதைப் பழக்கத் தொடங்கியிருந்தனர். கைக்கு வாராத துப்பாக்கியின் தோட்டாவைப் பற்றிய அச்சமே பெருந்தீயை மூட்டிற்று.

கிளர்ச்சி அடங்கிய பின் சர்க்கார் செய்ததென்ன? என்பீல்டு துப்பாக்கியை இந்தியச் சிப்பாய்க்கு அப்படியே கொடுக்க அவர்க்கு மனமில்லை. ஆதலின் 1858-ஆம் ஆண்டு மாதிரி என்று புதிதாக ஒன்று வகுத்தனர். அது வெளித் தோற்றத்தில் என்பீல்டே. அதே கட்டை, அதே மூன்று வளையம். உள்ளே மரை மட்டும் இல்லை. துளையைக் கடைந்து அகலமாக்கி வழவழப்பாக்கியிருந்தனர். தொலைவுக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தும் குறித்தட்டும் இல்லை. அசையாத சிறு குறி ஒன்றே. ஆங்கிலச் சிப்பாயும் இந்தியச் சிப்பாயும் அணிவகுப்பில் அருகருகே நின்றால் இருவர் தோளிலும் ஒரே துப்பாக்கி இருப்பதாகவே காண்பவர் கருதுவர். குழல்வாயில் விரலை விட்டுப் பார்த்தாலன்றி வேறுபாடு புலனாகாது. கடைந்து மெலிந்த குழல்கள் எளிதில் நசுங்கவே, மறு ஆண்டில் தடித்த குழலுடையதாய் 1859-ஆம் ஆண்டு மாதிரியைச் செய்தனர். அதற்கும் மரை இல்லை.

நம்பிக்கையின்மையை இரும்பில் வார்த்துக் கொடுத்த செயல் இது. ஓலையில் எழுதியிருந்தால் மறுத்திருக்கலாம். சட்டசபையிற் பேசியிருந்தால் திரித்துச் சொல்லியிருக்கலாம். குழலின் உட்புறம் பொய் சொல்லாது. சேகரிப்போர் ஒருவர் இவ்விரு துப்பாக்கிகளையும் பக்கத்திற் பக்கம் சுவரில் மாட்டி வைத்திருப்பாராயின், அக்காலத்து அரசியலை விளக்க அவர்க்கு வேறு நூல் வேண்டா.

அதன்பின்னும் அரை நூற்றாண்டு இதே முறை நீடித்தது. ஆங்கிலச் சிப்பாய்க்குப் புதிய துப்பாக்கி வந்தால் இந்தியச் சிப்பாய்க்கு அவன் கழித்தது வரும். 1878 முதல் 1880 வரை நடந்த இரண்டாம் ஆப்கானியப் போரில் ஆங்கிலர் கையில் மார்ட்டினி ஹென்றி. நம்மவர் கையில் அதற்கு முந்திய ஸ்னைடர். 1897-ஆம் ஆண்டு வடமேற்கெல்லையில் திராப் போர் நடந்தபோது ஆங்கிலர் கையில் புகையில்லா மருந்துத் தோட்டாக்களை அடுக்கிச் சுடும் லீ மெட்போர்டு. நம்மவர் கையில் அதே மார்ட்டினி. புகை எழும் துப்பாக்கியை வைத்திருப்பவன் எங்கே மறைந்திருக்கிறான் என்று அவன் புகையே பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கும். 1914-ஆம் ஆண்டு முதலுலகப் போர் மூண்டு, இந்தியச் சேனை பிரான்சு தேசத்து மார்சேல் துறைமுகத்தில் இறங்கியபோதே நம்மவர்க்குப் புதுத் துப்பாக்கியும் புதுத் தோட்டாவும் வழங்கினர். கப்பலிலிருந்து இறங்கின சில வாரங்களில், பழகாத துப்பாக்கியோடு, கண்டறியாத குளிரில், ஜெர்மானியரை எதிர்த்து அகழியில் நின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவை அடுத்த ஈசாப்பூரில் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. அங்கே .303 லீ என்பீல்டு துப்பாக்கிகளைச் செய்தனர். பழைய பழக்கம் அங்கும் விடவில்லை. போலீஸாருக்கும் சிறைக் காவலருக்கும் என்று, நல்ல .303 துப்பாக்கிகளின் மரையைக் கடைந்து நீக்கி, ஒரு முறைக்கு ஒரு தோட்டாவே இடக்கூடியதாக்கி, .410 என்ற பெயரில் வழங்கினர். 1858-ஐ நினைந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. மரையோடு கூடிய .303 துப்பாக்கியோ, சுதந்தரத்துக்குப் பின்னும் நம் போலீஸார் தோளிற் பன்னெடுங்காலம் நிலைத்தது. உத்தரப்பிரதேசத்துப் போலீஸார் 2020-ஆம் ஆண்டு குடியரசு நாளன்றுதான் அதற்கு விடைகொடுத்தனர். ஈசாப்பூர்த் துப்பாக்கியின் கழுத்தில் ஆங்கில மன்னர் கிரீடமிருந்தால் அது குடியரசுக்கு முந்தியது. அசோகச் சிங்கமிருந்தால் பிந்தியது. ஆட்சி மாறிய கதை ஒரு விரற்கடை இரும்பில் அடங்கியிருக்கின்றது.

சிப்பாய்த் துப்பாக்கி சேகரிப்போரிடையே இந்த நூற்றாண்டிற் பெரும் பரபரப்பை விளைத்தது நேபாளத்துச் செய்தி. நேபாளம் 1816-இல் சுகௌலி உடன்படிக்கையால் கும்பினியாரோடு போரை முடித்துக்கொண்ட நாடு. 1846-இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய ஜங் பகதூர் ராணா, 1850-இல் இங்கிலாந்து சென்று கண்டு வந்தவர். 1857, 58-ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்குத் துணையாகப் படை நடத்தி லக்ஷ்மணபுரி வரை வந்தவர். அந்நாட்டில் ஆங்கிலத் துப்பாக்கிகள் குவிந்தன. அவற்றைப் பார்த்து நேபாளக் கொல்லரும் பிரன்ஸ்விக்கு, என்பீல்டு முதலியவற்றைத் தாமே செய்தனர். கஹேந்திர சம்சேர் என்னும் ராணா குலத்தவர் மார்ட்டினியின் வழியில் ஒரு துப்பாக்கியையே அமைத்தார். கையாற் செய்தமையால் ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. புதியன வர வர, பழையன காத்மாண்டு நகரத்து லகன் சிலேகானா என்னும் பழைய மாளிகையில் அடைக்கப்பட்டன. அங்கே புழுதியும் கொழுப்பும் படிந்து தலைமுறை தலைமுறையாகக் கிடந்தன.

2003-ஆம் ஆண்டு அமெரிக்க வாணிகக் கம்பெனிகள் இரண்டு சேர்ந்து அவற்றை நேபாள அரசாங்கத்தினிடமிருந்து விலைக்கு வாங்கின. துப்பாக்கிகள் மட்டும் பதினாயிரக் கணக்கானவை. பயோனெட்டும் குக்ரிக் கத்தியும் பீரங்கியும் வேறு. அமெரிக்கச் சட்டத்தில் 1898-ஆம் ஆண்டிலும் அதற்கு முன்னும் செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருளாகக் கருதப்படும். ஆதலின் அவை கடல் கடந்து எளிதாகச் சென்றன. அதுவரை பணமுடையார்க்கே எட்டிய பிரவுன் பெஸ்ஸும் மார்ட்டினியும் ஆசிரியரும் கைத்தொழிலாளரும் வாங்கக்கூடிய விலையில் வந்தன. வாங்கியவர் அழுக்கை மெல்லத் துடைத்தபோது, ஆங்கில முத்திரையின் பக்கத்திலேயே தேவநாகரி எழுத்தில் நேபாளப் பட்டாளத்தின் பெயரும் இலக்கமும் வெளிப்பட்டன. எங்கோ மேல்நாட்டில் ஒரு தச்சர் தம் மேசையின்மேல் நாகரி எண்களைக் கற்கத் தொடங்கினார் என்றால் அது இத்துப்பாக்கிகளால் வந்த கல்வி.

இதனை நல்லது என்பதா, தீயது என்பதா? எனக்கு இரு மனம் உண்டு. அப்படியே விட்டிருந்தால் அம்மாளிகையின் ஒழுகும் கூரைக்கடியில் அவை துருவாகவே முடிந்திருக்கலாம். விற்றமையால் பிழைத்தன. ஆனால் ஒரு பட்டாளத்தின் துப்பாக்கிகள் ஒன்று முதல் நூறு வரை வரிசை கெடாமல் ஓரிடத்தில் இருந்தபோது, அவ்வரிசையே ஒரு நூல். எத்தனை கம்பெனி, கம்பெனிக்கு எத்தனை பேர், எவற்றில் வேறு வகைத் துப்பாக்கி கலந்தது என்பதையெல்லாம் அது சொல்லியிருக்கும். இப்பொழுது பதினேழாம் இலக்கம் ஒரு நாட்டில், பதினெட்டாம் இலக்கம் மற்றொரு நாட்டில். ஒரு சுவடியின் ஏடுகளைக் கயிறவிழ்த்து ஏடொன்றுக்கு இவ்வளவு என்று சந்தையில் விற்றாற்போலாயிற்று. விற்கு முன் ஒவ்வொன்றின் இலக்கத்தையும் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதுவதற்கு இரண்டு குமாஸ்தாக்களும் ஓராண்டும் போதும். அச்செலவைச் செய்தபின் விற்றிருந்தால் எனக்குக் குறையில்லை.

சேகரிப்போர் செய்த கேடும் சிறிதன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் உலகத்துச் சேனைகள் கழித்த துப்பாக்கிகள் அமெரிக்கச் சந்தையிற் கொள்ளை மலிவாய் விற்றன, தபாலிலேயே வரவழைக்கலாம். 1963-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைச் சுட்ட துப்பாக்கியும் அவ்வாறு தபாலில், தூரக்கண்ணாடியோடு 19 டாலர் 95 சென்டு விலைக்கு வந்த இத்தாலியச் சிப்பாயின் பழந்துப்பாக்கியே. அதன் விளைவாக எழுந்த விவாதத்தின் முடிவில், 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தபால் விற்பனையைத் தடுத்தது. அக்காலத்தில் வாங்கியவருட் பலர், மான் வேட்டைக்கு இலேசாக வேண்டும் என்று கட்டையின் முன்பாகத்தை அறுத்தெறிந்தனர். முத்திரைகளை அரத்தால் அராவினர். அன்று பயனில்லை என்று அறுத்த கட்டைக்கு இன்று அவர் பேரர் ஊர் ஊராய்த் தேடி அலைகின்றனர்.

அராவியதெல்லாம் கேடு என்றும் சொல்லக்கூடவில்லை. 1945-இல் சரணடைந்த ஜப்பானியச் சேனையின் அரிசாக்காத் துப்பாக்கிகளுட் பலவற்றில், அரசகுலச் சின்னமாகிய பதினாறிதழ்ச் செவ்வந்திப் பூ அராவப்பட்டிருக்கும். தம் பேரரசரின் சின்னம் மாற்றார் கையிற் படலாகாது என்று அழித்தது அது. அதைப் பழுது என்று கருதிப் பூவை மீண்டும் பொறிப்பவன், தோற்றவன் துயரத்தை அழித்தவனாவான்.

இதனாலேதான், நன்கு கற்ற சேகரிப்பாளர் தம்மிடம் வந்த துப்பாக்கியைப் பளபளப்பாக்கார். உப்புத்தாளைத் தொடார். இரும்பிற் புதுத்துரு பரவாதபடி சிறிது எண்ணெய், மரம் வறண்டிருந்தால் ஆளிவிதை எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு தடவல், அவ்வளவே. சிப்பாய் தேய்த்துத் தேய்ந்தது வேறு. நாம் தேய்த்துத் தேய்வது வேறு. வேறொரு வழக்கமும் அவரிடம் உண்டு. வாய்வழி மருந்திடும் பழந்துப்பாக்கி கைக்கு வந்தவுடன், கம்பியைக் குழலுள் விட்டு, உட்சென்ற நீளத்தைக் குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிடுவர். குறைந்திருந்தால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இன்னும் இருக்கின்றன. நூறாண்டுக்கு முன் எவனோ இட்ட மருந்து இன்றும் உயிர் குடிக்கும். இதை அறியாமல் விளையாட்டாகத் தீப்பொறி காட்டுவோர் இருத்தல்கூடும் என்றே விரித்தெழுதினேன். நம் நாட்டிலோ, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, பழுது பார்த்தாலும் சுடுதற்கு இயலாத பழம்பொருள் ஒழிய, ஏனைய துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டும். பழைய வீட்டுப் பரணில் ஏதேனும் அகப்பட்டால், அஞ்சிக் கிணற்றிற் போடாமல், ஆசையாற் சுவரில் மாட்டாமல், போலீஸாருக்கு அறிவித்து, அருங்காட்சியகத்தாருக்கும் ஒரு கடிதம் எழுதுக.

நான் துப்பாக்கி சேகரிப்பவனல்லன்; ஆசிரியன் ஊதியத்திற்கு அது ஏலாது. ஆயினும் இப்பொருளில் என் மனம் சென்றதற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே உண்டு.

முதலுலகப் போருக்குப் பின் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாளங்களைச் சர்க்கார் ஒவ்வொன்றாய்க் கலைத்தனர். 1928-க்குள் ஒன்றுமில்லாமற் போயிற்று. தென்னாட்டார் போருக்குத் தகுதியில்லாதவர் என்ற எண்ணம் அக்காலத்து ஆங்கிலச் சேனாதிபதிகளிடம் வேரூன்றியிருந்தது. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் போதாமையால், 1941-இல் மீண்டும் அந்த ரெஜிமெண்டை எழுப்பினர். என் பாட்டனாரின் தமையனார், பத்தொன்பது வயதில், வீட்டாருக்குச் சொல்லாமல் அதிற் போய்ச் சேர்ந்தார். பர்மாப் போர்முனையில் இருந்தார். திரும்பிவந்து நாற்பதாண்டுக்கு மேல் எங்கள் ஊரில் உழுதுண்டு வாழ்ந்தார். போரைப் பற்றி அவர் பேசியது மிகக் குறைவு. நான் சிறுவனாயிருந்தபோது மாலையிற் கயிற்றுக் கட்டிலருகே சென்று, "பெரிய தாத்தா, உங்கள் துப்பாக்கி எப்படி இருக்கும்?" என்று கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டு, "ஈசாப்பூர்" என்பார். பிறகு ஓர் எண்ணைச் சொல்வார். தம் பிள்ளைகளின் பிறந்த நாள் தவறிச் சொல்லுவார். அவ்வெண்ணை ஒருபோதும் தவறிச் சொன்னதில்லை. இருட்டில் நூறு துப்பாக்கி ஒன்றாய்க் கிடந்தாலும் தமது எதுவென்று கட்டையைத் தடவியே சொல்லிவிடலாம் என்றும், கட்டையின் கீழ்ப்புறத்தில் தாம் நகத்தளவு கீறி வைத்திருந்ததாகவும், அதற்காக ஹவில்தாரிடம் வசவு வாங்கியதாகவும் ஒருமுறை சொன்னார். ஊருக்குத் திரும்பும்போது அதைத் திருப்பிக் கொடுத்த நாளைப் பற்றிக் கேட்டேன். "கொடுத்தாயிற்று" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் காலமானபின் அவருடைய தகரப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அதில் அவருடைய சம்பளப் புத்தகமும் வேறு சில தாள்களும் இருந்தன. பன்னிரண்டாண்டுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பழைய காகிதம் என்று பெட்டியோடு எடைக்குப் போட்டுவிட்டோம். போட்டவன் நானே, வேறெவர் மேலும் பழியில்லை. ஆடிப்பெருக்கில் ஏட்டுச்சுவடிகளை ஆற்றில் விட்டவர்களைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை கடிந்து பேசியிருப்பேன்!

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பட்டாளத்துக்குப் போனவர் இல்லாத ஊர் இல்லை. அவர்களுடைய சம்பளப் புத்தகம், விடுதலைச் சீட்டு, கடிதம், நிழற்படம் முதலியன எவர் வீட்டிலேனும் இருப்பின், அவற்றை அனுப்ப வேண்டா; அதிலுள்ள பெயர், பட்டாளம், ஆண்டு, இலக்கம் இவற்றை மட்டும் பெயர்த்தெழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பினால், ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க நான் இசைந்திருக்கிறேன். காரியதரிசியவர்களும் ஒப்புக்கொண்டுள்ளார்கள்.

அக்குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் என் பெரிய தாத்தாவின் பெயரை எழுதியிருக்கிறேன். பட்டாளம் எழுதினேன், ஆண்டு எழுதினேன், துப்பாக்கி என்ற இடத்தில் 'ஈசாப்பூர்' என்று எழுதினேன். எண் ஐந்திலக்கம். கடைசி இரண்டு 47 என்பது நினைவிருக்கிறது. முன்னவை மூன்றும் வரவில்லை. அவ்விடத்தை வெறிதாக விட்டிருக்கிறேன்.